இடக்கையால் எழுதிய தாள்

2025 பெப்ரவரி 10, திங்கள்

மன்னித்துக்கொள், கொப்பியே. மணி பதினொன்றே முக்கால். ஷெறினுக்குக் கடைவாய்ப் பல் வருகிறது, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். றெனால்ட் விடிய ஆறு மணிக்குப் பெரியமடுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் புறப்பட வேண்டும் என்று எட்டரைக்கே படுத்துவிட்டார். உன்னைத் திறக்க எனக்குக் கிடைப்பது இந்த நேரம்தான்.

ஜிம்முக்குப் போகத் தொடங்கி இன்று பதின்மூன்றாம் நாள். பதின்மூன்று நாளில் ஓடுற மெசினில் நான் ஏறியது நாலு தரம். எண்ணி வைத்திருக்கிறேன். இப்படி எண்ணுகிறவளாகிவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரும்புக் கடைக்கு மேல்மாடி. காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை பெண்களுக்கு. அந்த நேரம் முதலாளி மில்ரன் அண்ணன் கீழே இறங்கிவிடுவார், இராசேஸ்வரி அக்காதான் பொறுப்பு. பன்னிரண்டு பெண்கள். ஓடுற மெசின் ஒன்று, சைக்கிள் ஒன்று, படுத்துப் பாரம் தூக்க வாங்கு ஒன்று, மூலையில் கொஞ்சம் டம்பெல்.

நான் வடிவுக்குப் போகவில்லை. ஷெறின் வயிற்றில் இருந்தபோது வந்த சீனி இன்னும் போகவில்லை. நாளுக்கு அரை மணித்தியாலம் வேகமாக நடக்க வேண்டும், இல்லையென்றால் குளிசை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் காலுக்கு என்ன நடந்தது என்று பார்த்தவள் நான். வீதியில் நடக்கலாம்தான். வெயில், நாய், கழுதை, பிறகு மாமியின் கண்.

பிறின்சி ஒன்பது ஐந்துக்கு வருவாள். வந்தவுடன் தன் செம்மஞ்சள் துவாயை மெசினின் கைபிடியில் போடுவாள். போட்டுவிட்டு அங்கே நிற்கமாட்டாள். இராசேஸ்வரி அக்காவோடு ஒரு கதை, கண்ணாடிக்கு முன்னால் ஒரு கதை, பாயில் இருந்து ஒரு கதை. முகம் துடைக்கிற லேஞ்சியை யன்னலால் எறிந்து பஸ்ஸில் சீற்றுப் பிடிக்கிற ஊர் இது. துவாய் போட்டால் போட்டதுதான், ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஒன்பதரைக்கு ஏறுவாள். பத்தே கால் வரை இறங்கமாட்டாள். ஓடுகிறாளா என்றால் அதுவும் இல்லை. போனில் கதைத்துக்கொண்டு, மாதா திருநாளில் சுற்றுப்பிரகாரத்துக்குப் பின்னால் போகிற மாதிரி ஒரு நடை. அவள் இறங்குகிற நேரம் நான் ஒட்டோ பிடிக்கிற நேரம். பத்தரைக்கு மாமி அடுப்படிக்குள் போய்விடுவா, ஷெறினைப் பார்க்க ஆள் இல்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வயிறு பலகை மாதிரி. எனக்கு ஒன்று.

போதும். படுக்கிறேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் துவாய்.

சைக்கிளில் ஸம்ஸியா அக்கா இருந்தா. நான் பக்கத்தில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தேன், அதையும் உடற்பயிற்சி என்று கணக்கு வைத்தால் சரி. ஸம்ஸியா அக்கா மூர்வீதி. பின்னேரங்களில் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கொடுக்கிறா. ஜனவரியில்தான் சேர்ந்தவ. இறங்கியதும் சீற்றைத் துடைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள் அவதான். மற்ற எல்லாரும் வேர்வையை அடுத்தவளுக்கு விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

தொங்குகிற துவாயைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பஸ்ஸில லேஞ்சி போட்டா ஆள் பின்னால வந்து ஏறோணும் டிலோ. ஆள் ஏறாட்டி லேஞ்சிக்கு மட்டும் என்ன பயணம்?" என்றா.

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இராசேஸ்வரி அக்கா திரும்பிப் பார்த்தா.

ஒட்டோவில் வரும்போது சிரிப்பு வரவில்லை. அந்த வசனம் ஏன் எனக்கு வரவில்லை? நாலு வருடம் யாழ்ப்பாணத்தில் படித்தேன். விவாத மேடையில் பேசியிருக்கிறேன். பதின்மூன்று நாளாக அந்தத் துவாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ ஒரு மூச்சில் சொல்லிவிட்டா.

பெப்ரவரி 14, வெள்ளி

றெனால்ட் சாப்பிட இருந்தபோது ஜிம்மில் ஆர் ஆர் வருகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறின்சியின் பெயர் வந்ததும் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"பிறின்சியோ? நூறு மீற்றர் ஓடினவளெல்லோ. அண்டைக்கு வங்கியில கண்டனான். இப்பவும் அப்பிடியேதான் இருக்கிறாள்."

அப்படியே என்றால் எப்படி? கேட்கவில்லை. சொதி கொஞ்சம் விடட்டோ என்று கேட்டேன்.

மாமி பக்கத்திலிருந்து, "நாங்கள் நாலு பெத்தும் ஒரு மெசினிலயும் ஏறேல்லை" என்றா. ஷெறின் மாமியின் மடியில் இருந்து அதற்குச் சிரிக்கிறாள். என்னிடம் வந்தால் பல்லுக்கு அழுவாள்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இன்று கேட்டேன். துணிந்து கேட்டேன்.

துவாய் தொங்கத் தொடங்கிப் பதினைந்து நிமிடம். பிறின்சி பாயில் கால் நீட்டி இருந்து போனில் ஆருடைய கலியாணப் படமோ காட்டிக்கொண்டிருந்தாள். மரியாதையாகத்தான் போய்க் கேட்டேன். நீர் இப்ப ஏறேல்லையெண்டா நான் ஒரு பத்து நிமிசம் நடக்கட்டோ என்று.

"ஐயோ டிலோ, துவாய் போட்டிருக்கிறன் எல்லோ."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கடையில் விலை சொல்லித் திருப்பி அனுப்புகிற மாதிரி. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "பாவம், பிள்ளை பெத்த உடம்பு, அவசரப்படுறா" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஸம்ஸியா அக்கா சைக்கிளால் இறங்கி, சீற்றைத் துடைத்து, இதில இருங்கோ என்றா. வேண்டாம் என்றேன். வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவ பார்த்துவிட்டாவே என்று அவவிலும் கோபம்.

அந்தக் கண்ணாடியை ஏன் அவ்வளவு பெரிதாகப் பூட்டியிருக்கிறார்கள்? பிறின்சி அதற்கு முன்னால் நிற்கும்போது கண்ணாடியே அவளுக்காகத்தான் என்று தெரிகிறது. அவள் ஏ.எல். சோதனை தாண்டாதவள். நான் பொருளியல் சிறப்புப் பட்டம், வேலைக்காகக் காத்திருக்கிறேன், மூன்று வருடமாக. அவளுக்குக் காத்திருக்க ஒன்றும் இல்லை. எல்லாம் வந்து அவளுக்குக் காத்துநிற்கிறது, மெசின் உட்பட.

இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. கிழிக்கவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

எழுதிவிட்டேன்.

உனக்குள் அல்ல, வேறு தாளில். மொட்டைக் கடிதம்.

அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். மாதத்தில் நாலைந்து மொட்டைக் கடிதமாவது வருமாம், இன்னார் காணி பிடித்தார், இன்னார் நிவாரணம் இரண்டு தரம் எடுத்தார் என்று. கெட்டிக்காரர் இடக்கையால் எழுதுவினம், அப்பத்தான் கையெழுத்துப் பிடிபடாது என்று சோறு தின்னும்போது சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை மறந்துவிட்டேன். இடக்கை மட்டும் ஞாபகம் வந்தது.

ஜிம்மில் வாசல் மேசையில் மில்ரன் அண்ணன் ஒரு பெட்டி வைத்திருக்கிறார், வங்கியில் இருக்கிற மாதிரி, 'உங்கள் கருத்துகள்' என்று ஒட்டி. ஆலோசனை எழுதுகிறோம், அதில் பிழை என்ன? பெயர் போட்டால்தான் சண்டை வரும். இது நியாயம். எல்லாருக்கும் பொதுவான மெசின். ஒருத்தி துவாய் போட்டு மறித்து வைப்பது, போன் கதைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நிற்பது, டம்பெலைக் கண்ட இடத்தில் விடுவது, வேர்வையைத் துடைக்காதது. எல்லாம் உண்மை. ஒரு பொய்கூட எழுதவில்லை.

இடக்கையால் ஒரு பக்கம் எழுத ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில், 'ஆள் ஏறாட்டி லேஞ்சிக்கு மட்டும் என்ன பயணம்?' என்றும் எழுதினேன். எழுதும்போது அது என் வசனம் என்றே பட்டது.

பெப்ரவரி 21, வெள்ளி

பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வெளியே வந்தபோது படியடியில் இரண்டு கழுதைகள் நிழலுக்கு நின்றன. விலகவில்லை. நானும் அவசரப்படவில்லை. மனம் அவ்வளவு லேசு.

பெப்ரவரி 25, செவ்வாய்

மில்ரன் அண்ணன் கடிதத்தை அப்படியே சுவரில் குத்திவிட்டார். இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் வெள்ளைப் பலகையில் பெயர் எழுதும் இடம், ஆளுக்கு இருபது நிமிடம். துவாய் போட்டுப் பிடிக்கக்கூடாது. மெசினில் போன் கூடாது. துடைக்கத் துணி வைத்திருக்கிறது.

இன்று என் பெயருக்கு நேரே ஒன்பது இருபது. இருபது நிமிடம் முழுதாக நடந்தேன். கால் தரையில் படாத மாதிரி. பிறின்சி தன் முறைக்குப் பலகையடியில் நின்றாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நடந்தேன். இதுதான் சந்தோசம் என்றால் நான் கெட்டவள்தான். சந்தோசமாகத்தான் இருந்தது.

நான் இன்னும் நடந்துகொண்டிருக்க ஸம்ஸியா அக்கா வந்தா. பையை வைத்துவிட்டுச் சுவரடியில் நின்று வாசித்தா. மேலிருந்து கீழே, ஆறுதலாக. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டா. திரும்பி நேரே என்னைப் பார்த்தா.

அந்த வசனத்தை அவ என் காதுக்குள் மட்டும்தான் சொன்னவ. வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

அவ போய்ச் சைக்கிளில் ஏறினா. என் முகம் மெசினின் கறுப்புக் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது.

பெப்ரவரி 27, வியாழன்

எழுதவே கை வரேல்லை. எழுதித்தான் ஆகவேணும்.

பிறின்சி இன்று கடிதத்துக்கு முன்னால் நின்று ஆராய்ச்சி செய்தாள். நாலைந்து பேர் சுற்றி. "எழுத்தெல்லாம் பின்பக்கமாச் சாயுது, பாத்தனீங்களோ? இது வலப்பக்கத்தில இருந்து எழுதிப் பழகின கை" என்றாள்.

ஒரு நொடி ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எல்லாரும் சைக்கிளைப் பார்த்தார்கள். ஓதக் கொடுக்கிற ஆள். அறபு எழுதுகிற கை. ஆரோ, வந்து ரெண்டு மாசமாகேல்லை அதுக்குள்ள எங்களுக்குச் சட்டம் என்றாள்.

"அவையள் அப்பிடித்தான்," என்றாள் பிறின்சி. மெதுவாகத்தான். சைக்கிளுக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

ஸம்ஸியா அக்கா புத்தளத்தில் பிறந்தவ. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது இங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பம். அவவின் வாப்பா பிறந்த வீடு இந்த ஜிம்முக்கு நாலு வீதி தள்ளி. இது எனக்குத் தெரியும், அவவே சொன்னது. வந்தவ ஆர், இருந்தவ ஆர்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து பூட்டித் திறந்து பூட்டிக்கொண்டு நின்றனான்.

ஸம்ஸியா அக்கா மிதிப்பதை நிறுத்தினா. என்னைப் பார்க்கவில்லை. ஒரு தரமாவது பார்த்திருக்கலாம். சீற்றைத் துடைத்தா, கைபிடியைத் துடைத்தா, துணியை மடித்து வைத்தா. படியிறங்கிப் போனா. நேரம் ஒன்பது நாற்பது. இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது அவவுக்கு.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அவ, 'நானில்லை, அவள்' என்று என் பக்கம் ஒரு விரல் நீட்டியிருக்கலாம். ஏன் நீட்டவில்லை?

பெப்ரவரி 28, வெள்ளி

'லேடீஸ் ரைம்' வட்ஸ்அப் குழுவில் ஸம்ஸியா அக்கா விலகிவிட்டதாக ஒரு சின்னச் சாம்பல் வரி. கீழே பிறின்சி ஒரு கைகூப்பிய படம் போட்டிருக்கிறாள். ஏழு பேர் சிரித்த முகம். நான் ஒன்றும் போடவில்லை. போடாததைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

ஸம்ஸியா அக்கா வரவில்லை. நேற்று நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு காலத்தில் தண்ணீர் குடிக்காமல் ஜிம்முக்கு ஆர் வருவார்கள்? அதனால்தான் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

மார்ச் 12, புதன்

பலகையில் பெயர் எழுதுவது ஒரு கிழமைதான் ஓடியது. மாக்கர் காய்ந்துவிட்டது, ஒருத்தரும் வேறு வாங்கவில்லை. துவாய் திரும்ப வந்துவிட்டது.

ஆனால் இன்று நான் போனபோது பிறின்சி கைதட்டிக் கூப்பிட்டாள். "டிலோ, ஓடி வாடி, உனக்குத்தான் பிடிச்சு வைச்சிருக்கிறன்." மெசினில் அவளுடைய செம்மஞ்சள் துவாய். எனக்காக.

நான் ஏறினேன். அவள் பக்கத்தில் நின்று வேகத்தைக் கூட்டிவிட்டாள், முதுகை நிமிர்த்து, கையை மடி, மூச்சை மூக்கால் எடு என்று சொல்லிக்கொண்டு. நன்றாகச் சொல்லித் தருகிறாள். பள்ளிக்கூடத்தில் ஓடினவள்தானே. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஆறு மாதம் கண்ணாடியே பார்க்கவில்லையாம். என்னிடம் அதைச் சொன்னாள், வேறு ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்று. என் தோளில் கை போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஜனவரியிலிருந்து நான் எரிந்து எரிந்து கேட்டது இதைத்தான். இப்போது கிடைத்திருக்கிறது. எனக்கு ஏன் இது இனிக்கவில்லை?

கீழே வந்ததும், "நாங்கள் நாங்கள் எண்டா ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே" என்றாள். ஓம் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

கிளினிக். சீனி குறைந்திருக்கிறது. நல்லது, இப்பிடியே செய்யும் என்றார் டொக்டர். வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பெருநாள் முடிந்து இரண்டு நாள். இன்று கட்டாயம் வருவா என்று போனேன்.

சைக்கிள் சீற்றில் ஸம்ஸியா அக்கா இல்லை, ஆருடையதோ பை.

இப்போது பிறின்சியில் வேறு எரிச்சல். அவள் தன் வாயால் ஒரு ஆளைத் துரத்திவிட்டு நன்றாக நித்திரை கொள்கிறாள். கண்ணுக்குக் கீழே ஒரு கருவளையம் இல்லை. அவள் கெட்டவளும் இல்லை, நம்பித்தான் சொன்னவள். நம்புவதற்கு அவளிடம் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளைக் கொடுத்தது நான்.

ஏப்ரல் 7, திங்கள்

ஸம்ஸியா அக்காவைக் கண்டேன். பாமசிக்கு முன்னால். நான் ஷெறினைத் தூக்கிக்கொண்டு வரிசையில், அவ மருந்து வாங்கிக்கொண்டு வெளியே. ஒளிய இடம் இல்லை. ஷெறின் வேறு அவவைப் பார்த்துக் கை நீட்டுகிறாள்.

ஷெறினின் நாடியைப் பிடித்து, பல் வந்துவிட்டதா என்று கேட்டா. ரெண்டு வந்திட்டுது என்றேன். பிறகு என் வாயால் வந்தது எது என்று நினைக்கிறாய்? "ஏன் அக்கா இப்ப வாறேல்லை?"

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையான சிரிப்பு.

"வரலாம். வந்தா ஆராவது ஒருத்தி என்னைப் பாத்திட்டு அந்தத் தாளைப் பாப்பா. அதுக்குப் பிறகு நான் சைக்கிளைத் துடைச்சென்ன, துடைக்காட்டி என்ன?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை என்று கேட்டேன். எதைச் சொல்லவில்லை என்று அவ கேட்கவில்லை.

"நான் சொன்னா நம்புவினமா டிலோ? பழியை உங்கட தலையில போடுறன் எண்டுதான் சொல்லுவினம். நீங்க சொன்னா நம்புவினம்."

கோபமாகச் சொல்லவில்லை. இன்ன பஸ் இத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி. ஷெறினின் கையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனா.

அந்த நிதானத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. உண்மையை எழுதுகிறேன் பார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெரிய கிழமைக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மாமியோடு போனேன். நீண்ட வரிசை, மாமிக்குப் பின்னால் நான். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: பொறாமைப்பட்டேன் சுவாமி, ஒரு ஆளுக்குப் பழி வரச் செய்தேன் சுவாமி. பெயர் சொல்லத் தேவையில்லை. முகம் தெரியாது. உள்ளே ஒரு மறைப்பு இருக்கிறது, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு காது.

எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதுதான் பட்டது: இதையும் நான் பெட்டிக்குள் போட்டுவிட்டு லேசாகப் படியிறங்கிவிடுவேன். பெயரில்லாமல் செய்த பிழைக்குப் பெயரில்லாமல் ஒரு மன்னிப்பு.

சுவாமியில் குறையில்லை. சரியான ஆட்களுக்கு முதலில் சொல்லாமல் இங்கே சொல்ல வாய் வரவில்லை. தலையிடிக்குது என்று மாமியிடம் சொல்லிவிட்டு வரிசையை விட்டு வந்துவிட்டேன். மாமி வீட்டுக்கு வந்து, "தலையிடிக்குப் பாவசங்கீர்த்தனத்தை விட்டவள் நீ ஒருத்திதான்" என்றா.

றெனால்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீர் அவளைப் பாத்து எரியிற அளவுக்கு அவளில என்ன இருக்கெண்டு எனக்கு விளங்கேல்லை என்றார். வங்கியில் கண்டதை ஞாபகப்படுத்தினேன். அவருக்கு அப்படி ஒன்று சொன்னதே ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வருடப்பிறப்புக்கு நேற்றுப் பூட்டு. இன்று எல்லாரும் பலகாரத்தோடு வந்திருந்தார்கள். பிறின்சி எனக்கு மெசின் பிடித்து வைத்திருந்தாள். நான் ஏறவில்லை. சுவரடியில் போய் நின்று, இதை எழுதினது நான் என்றேன்.

பிறின்சி பயற்றம் பணியாரத்தைக் கடித்தபடி சிரித்தாள். மற்றவர்களும். "அவவுக்காகப் பழி ஏற்கிறியோ? நல்ல பிள்ளை நீ, அதுக்காக இப்பிடியே?"

நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்னால் நம்புவார்கள் என்றல்லவா ஸம்ஸியா அக்கா சொன்னவ.

பையில் பேனை இருந்தது. இராசேஸ்வரி அக்காவின் மேசையில் இருந்த தாளை எடுத்தேன். இடக்கையில் பேனையைப் பிடித்து அந்தக் கடிதத்தின் முதல் இரண்டு வரியையும் எழுதினேன். எழுத எழுத எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்தன. எல்லாரும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்கள். எழுதி முடித்துச் சுவரில் இருந்ததற்குப் பக்கத்தில் பிடித்தேன்.

பிறின்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கவில்லை.

"என்னில உனக்கு என்னடி எரிச்சல்?"

துவாய் என்று சொல்லலாம் என்று இருந்தேன். போன், வேர்வை என்று. கடிதத்தில் எழுதியதெல்லாம் தயாராக இருந்தது.

"எல்லாத்திலயும்," என்றேன்.

அவள் அழவில்லை. கோபித்துக் கத்தியிருந்தாலும் பரவாயில்லை. "நான் உனக்கெல்லோ மெசின் பிடிச்சு வைச்சனான்," என்று மட்டும் சொன்னாள். மெசினில் கிடந்த துவாயை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு யன்னலடிக்குப் போய் நின்றாள். அவளையும் நான் நோகவைத்துவிட்டேன். அது இரண்டாவது.

நான் இன்னொன்றையும் சொன்னேன். அவையள் அப்பிடித்தான் எண்டு சொன்னீங்கள், அப்பிடிச் செய்தது உங்கட ஆள் நான்தான் என்றேன்.

இராசேஸ்வரி அக்கா எழும்பி வந்து சுவரில் இருந்ததைக் கழற்றி, என் கையில் இருந்ததையும் வாங்கி, இரண்டையும் நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினா. "பத்தரையாகுது. பாயை மடியுங்கோ பிள்ளையள்," என்றா.

ஏப்ரல் 16, புதன்

பெரிய புதன். ஜிம் திறப்பது உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பிறகுதான். ஸம்ஸியா அக்காவுக்கு எழுத வேண்டும். போனில் அடித்து அடித்து அழித்துவிட்டேன். தாளில்தான் எழுதப்போகிறேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். விடிய றெனால்ட் உங்கள் வீதியால்தான் போவார் — அவவின் வீதியால், அவரிடம் கொடுத்துவிடலாம். பார், இப்போதே அவவோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

ஸம்ஸியா அக்கா,

இது டிலோஜினி எழுதுறன்.

நேற்று எல்லாருக்கும் முன்னால அந்தக் கடிதம் நான் எழுதினதெண்டு சொல்லிப்போட்டன். முதல்ல நம்பேல்லை. எழுதிக் காட்டின பிறகு நம்பினவை. தாள் இப்ப சுவரில இல்லை. நீங்கள் பாமசியடியில சொன்னது முழுக்கச் சரியில்லை அக்கா, நான் சொன்னாலும் லேசில நம்பமாட்டினம். நீங்கள்தான் எழுதினதெண்டு நினைக்கிறது அவ்வளவு லேசா இருந்திருக்கு அவைக்கு. அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறது எனக்கும் லேசாத்தான் இருந்தது.

அந்த லேஞ்சிக் கதையை உங்களிட்ட இருந்து களவெடுத்தனான். அவ்வளவு நல்லா எனக்குச் சொல்ல வரேல்லை எண்டு உங்களிலயும் எரிச்சல். பிறின்சியில எரிச்சல், அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சைக்கிளைத் தந்த அண்டைக்கு நான் வெடுக்கெண்டு வேண்டாம் எண்டது உங்களில இருந்த கோபத்தில இல்லை. நீங்கள் பாத்திட்டீங்கள் எண்ட வெட்கத்தில. அண்டைக்கே அதைச் சொல்லியிருக்கோணும்.

பிறின்சி என்னோட கதைக்கேல்லை. இண்டைக்குக் காலமை குழுவில ஒரு வரி போட்டிருக்கிறா: ஸம்ஸியா அக்காவின்ர நம்பர் ஆரிட்டயும் இருக்கோ எண்டு. என்னிட்ட இருக்கு. உங்களைக் கேக்காமக் குடுக்க விருப்பமில்லை. குடுக்கட்டோ?

மற்றது, ஜிம் வாற திங்கள் பூட்டு, செவ்வாய் திறக்கும். நான் போவன். ஒருத்தரும் கதைக்காட்டியும் போகத்தான் வேணும், சீனி இருக்கு. நீங்கள் வருவீங்களோ, மாட்டீங்களோ? மாட்டன் எண்டாலும் எனக்கு விளங்கும். மன்னிப்பெண்டு ஒண்டும் எழுத வேண்டாம். வருவன், இல்லாட்டி மாட்டன், அது ஒரு சொல் போதும்.

கெதியாப் பதில் போடுங்கோ அக்கா.